போட்டித் தேர்வு ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போட்டித் தேர்வுகளில் வரும் ஆங்கிலப் பகுதியைப் பற்றியவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தமையால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயர்களை மட்டும் குறிப்பிட்டு விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: நான் பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்து, வரலாற்றில் பட்டம் பெற்றவள். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்காகத் தடிமனான ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வாங்கி, பெயர்ச்சொல்லில் தொடங்கிக் கடைசி அத்தியாயம் வரை படித்துவிட்டேன். விதியைக் கேட்டால் சொல்லத் தெரிகிறது; ஆனால் மாதிரித் தேர்வில் 25 வினாக்களில் பாதிக்குமேல் சரியாக வருவதில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கட்டுமா? (ஒரு வாசகி, பரமக்குடி)

பதில்: வேண்டாம். இலக்கணப் புத்தகம் சொற்களின் வகைப்படி அடுக்கப்பட்டிருக்கிறது. தேர்வோ பெயர்ச்சொல்லுக்கு வரையறை கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் பிழை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறது. விதியைச் சொல்லத் தெரிவதும், ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்குள் அந்த விதி மீறப்பட்டிருப்பதைக் கண்டுபிடிப்பதும் வெவ்வேறு திறன்கள். உங்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் பயிற்சி தேவை.

எடுத்துக்காட்டாக, பிழை கண்டறியும் வினாக்களில் அடிக்கடி வரும் வகையைச் சேர்ந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: "ஒன் ஆஃப் தி கிளார்க்ஸ் / ஹூ ஒர்க் இன் திஸ் ஆபீஸ் / ஹேவ் பீன் டிரான்ஸ்ஃபர்டு டு சேலம்." மூன்று துண்டுகளில் எது பிழை? விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், 'ஒன்' என்று தொடங்குவதால் 'ஹூ ஒர்க்' என்பதில் ஓர் 'எஸ்' விடுபட்டிருக்கிறது என்று இரண்டாம் துண்டைக் குறித்துவிடுவார். அவசரத்தில் படிப்பவரோ, 'கிளார்க்ஸ்', 'ஒர்க்', 'ஹேவ்' என்று எல்லாமே பன்மையாக ஒலிப்பதால் பிழையே இல்லை என்று குறிப்பார். உண்மையில் பிழை மூன்றாம் துண்டில் இருக்கிறது. 'ஹூ' என்ற சொல் தனக்கு முன்னால் நிற்கும் 'கிளார்க்ஸ்' என்பதைச் சுட்டுவதால் 'ஒர்க்' சரி. ஆனால் மாற்றப்பட்டவர் ஒருவரே என்பதால் 'ஹேஸ் பீன்' என்றுதான் வரவேண்டும்.

இதையே தமிழில் எழுதிப்பாருங்கள்: "இந்த அலுவலகத்தில் பணிபுரியும் எழுத்தர்களில் ஒருவர் சேலத்துக்கு மாற்றப்பட்டுள்ளார்." 'ஒருவர் மாற்றப்பட்டுள்ளார்கள்' என்று நம்மில் யாரும் எழுதமாட்டோம். 'எழுத்தர்களில்' என்பதில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால் அது எழுவாய் ஆகாது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. எழுவாயாகிய 'ஒருவர்' பயனிலைக்கு அருகிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஒன்' வாக்கியத்தின் முதலில் நின்றுவிட, அதற்கும் வினைச்சொல்லுக்கும் இடையில் ஒரு பன்மைச் சொல் புகுந்து கண்ணை ஏமாற்றுகிறது. 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்', 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்', 'தி நம்பர் ஆஃப் அக்சிடென்ட்ஸ்' ஆகியவை வரும் வினாக்கள் எல்லாம் இந்த ஒரே ஏமாற்றின் வேறுவேறு வடிவங்கள். ஆகவே எழுவாய், பயனிலைப் பொருத்தத்தில் ஐயம் வரும்போது, இடையில் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு, 'யார், என்ன செய்தார்' என்று தமிழில் கேட்டுப்பாருங்கள். தமிழ்வழியில் படித்தது குறை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் அதைப் பலமாக மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் நம்மை வழுக்க வைக்கும் இடங்களும் உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பதுதான் தயாரிப்பின் பெரும்பகுதி. "ஐந்து ஆண்டுகளாக மதுரையில் இருக்கிறேன்" என்பதில் தமிழ் நிகழ்காலத்தை வைக்கிறது. அதை அப்படியே கொண்டுபோனால் "ஐ ஆம் லிவிங் இன் மதுரை சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று இரண்டு பிழைகளுடன் ஒரு வாக்கியம் வரும். 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாட்டில் குழம்பத் தேவையே இல்லை, ஏனெனில் தமிழிலேயே அது இருக்கிறது: '2019 முதல்' என்று சொல்லக்கூடிய இடத்தில் 'சின்ஸ்', 'ஐந்து ஆண்டுகளாக' என்று சொல்லக்கூடிய இடத்தில் 'ஃபார்'. மாற்றிக்கொள்ள வேண்டியது காலத்தை மட்டும்தான்: 'ஹேவ் பீன் லிவிங்'. இதற்கு எதிர்த்திசையில் ஒரு பிழை இருக்கிறது. 'நேற்று', 'போன வாரம்', '2020-இல்' என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' என்றுதான் வரும்.

"எங்கே போகிறாய் என்று கேட்டார்" என்பதை "ஹீ ஆஸ்க்டு மீ வேர் வாஸ் ஐ கோயிங்" என்று எழுதுவது இன்னொன்று. மறைமுகக் கேள்விக்குள் 'ஐ வாஸ்' என்று நேர்வரிசை திரும்பிவிட வேண்டும். 'மழை பெய்தாலும்' என்று தொடங்கியபின் தமிழ்ப் பேச்சில் 'ஆனால்' வந்து விழுவதுபோல, 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தில் 'பட்' சேர்ப்பது மற்றொன்று. 'ஒருவரோடு திருமணம்' என்பதால் 'மேரீடு வித்' என்று எழுதுகிறோம். 'மேரீடு டு' என்பதே சரி. 'எ', 'ஆன்', 'தி' என்னும் ஆர்ட்டிகிள் தமிழில் இல்லை, ஆகவே அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். அங்கும் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்கிறோமா என்பதுதான்: 'ஆன் ஹவர்', 'ஆன் ஹானஸ்ட் மேன்', 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எஃப்.ஐ.ஆர்.', ஆனால் 'எ யுனிவர்சிட்டி', 'எ யூரோப்பியன்', 'எ ஒன்-ருபி காயின்'.

செய்ய வேண்டியது இதுதான். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்து நேரம் குறித்துப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு வினாவையும் ஒரு குறிப்பேட்டில் முழு வாக்கியமாக எழுதி, அதன் கீழே திருத்திய வாக்கியத்தையும், ஏன் தவறினேன் என்பதைத் தமிழில் ஒரே வரியிலும் எழுதுங்கள். 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். அது காரணமே இல்லை. சில வாரங்கள் ஆனதும், நான்கைந்து தலைப்புகளே திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அப்போது அந்தத் தடிமனான புத்தகத்தைத் திறந்து, அந்த நான்கைந்து அத்தியாயங்களை மட்டும் படியுங்கள்.

இவ்வளவு உழைப்பு தகுமா என்ற ஐயமும் வேண்டாம். முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 50 மதிப்பெண்கள். இரண்டாம் நிலையில் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும் 390 மதிப்பெண்களில் ஆங்கிலத்துக்கு மட்டும் 45 வினாக்கள், 135 மதிப்பெண்கள், கணிதத்துக்கு 90தான்.

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன், மின்னஞ்சல் எழுதுகிறேன். இருந்தும் பிழை கண்டறியும் வினாக்களில் எல்லா வாக்கியமும் சரியாகவே தோன்றுகிறது. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் சிக்கல் பரமக்குடி வாசகியின் சிக்கலுக்கு நேர் எதிரானது. அவருக்கு விதி தெரிகிறது, காது பழகவில்லை. உங்களுக்குக் காது பழகிவிட்டது, ஆனால் அது பழகியது அலுவலக ஆங்கிலத்தில். 'டிஸ்கஸ் அபவுட்', 'கோப் அப் வித்', 'ரிட்டர்ன் பேக்', 'ரிவர்ட் பேக்', 'ஆர்டர் ஃபார் டூ காஃபிஸ்', 'கசின் பிரதர்' என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அவை பிழையாகப் படாதது இயல்பே. வினா அமைப்பவர்களும் இதே நாட்டில் வாழ்பவர்கள். நாம் எதைச் சரியென்று நினைத்துப் பேசுகிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

குறிப்பாக மூன்று இடங்களில் காதை நம்பாதீர்கள். முதலாவது, வாக்கியத்தின் வாலில் வரும் கேள்வி. தமிழில் எதைச் சொன்னாலும் 'இல்லையா?' என்று முடித்துவிடலாம் என்பதால் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் 'இஸ்ன்ட் இட்?' போடுகிறோம். தேர்வில் வினைச்சொல்லைப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும், 'ஹார்ட்லி', 'செல்டம்', 'ஃபியூ' போன்றவை உள்ள வாக்கியம் எதிர்மறைப் பொருள் உடையது என்பதால் அதன் வால் உடன்பாட்டில் வரும்: "ஹீ ஹார்ட்லி கம்ஸ் ஹியர், டஸ் ஹீ?" இரண்டாவது, எண்ண முடியாத பெயர்கள். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'சீனரி' ஆகியவற்றுக்கு 'எஸ்' சேராது. மூன்றாவது, இரட்டையாக வரும் இணைப்புச் சொற்கள். 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' வந்தால் 'வென்', 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்'. இவற்றைப் பேச்சில் நாம் பயன்படுத்துவதே இல்லை. எனவே எழுதிப் பழகாமல் இவை பிடிபடா.

கேள்வி: நாள் ஒன்றுக்கு இருபது ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக்குமேல் மறந்துவிடுகிறது. நினைவாற்றல் குறைவா, முறையில் கோளாறா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: முறையில்தான் கோளாறு. மறதி எல்லாருக்கும் ஒரே போக்கில்தான் நடக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்தவுடன் மறதி வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், இடைவெளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நினைவு நீடிக்கிறது என்பதும் அவர் கண்டவை. அவர் பயன்படுத்திய பொருளற்ற அசைகளுக்கும், வாக்கியம் எதிலும் பார்க்காமல் நீங்கள் பட்டியலிலிருந்து உருப்போடும் இருபது சொற்களுக்கும் மனத்தைப் பொறுத்தவரை அதிக வேறுபாடு இல்லை.

எண்ணிக்கையை ஏழெட்டாகக் குறையுங்கள். ஒரு சிறிய அட்டையின் ஒரு பக்கத்தில் சொல்லும், அது வரும் ஒரு வாக்கியமும், மறுபக்கத்தில் பொருளும் இருக்கட்டும். அட்டையைப் புரட்டிப் பொருளைப் படித்துக்கொண்டே போவதால் பயனில்லை. முதலில் பொருளைச் சொல்லிவிட்டு, பிறகுதான் புரட்ட வேண்டும். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி என்று இடைவெளி விரிந்துகொண்டே போகட்டும். தவறிய அட்டை மட்டும் மறுநாள் கட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கைப்பேசிச் செயலிகள் சில இதையே தாமாகச் செய்கின்றன. அட்டையை எடுக்கும் கைக்குச் சமூக ஊடகம் எட்டுவதில்லை என்பதால் நான் அட்டையையே பரிந்துரைப்பேன்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் மரபுத்தொடர்களும், பல சொற்களுக்கு ஒரு சொல் கேட்கும் வினாக்களும் முந்தைய தாள்களிலிருந்து திரும்பத் திரும்ப வருவது தயாராகும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே முதல் சொற்பட்டியல் பழைய வினாத்தாள்களாகவே இருக்கட்டும். அங்கும் சரியான விடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல், மற்ற மூன்று விருப்பங்களுக்கும் பொருள் பார்த்துவிடுங்கள். இந்த ஆண்டு தவறான விருப்பமாக நின்ற சொல், இன்னொரு ஆண்டு வினாவாகவே வரக்கூடும்.

அடுத்தது வேர்ச்சொல். 'நம்பு' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து 'கிரெடிட்', 'கிரெடிபிள்', 'இன்கிரெடிபிள்', 'கிரெடுலஸ்', 'கிரீடு' ஆகியவை வருகின்றன. வேரை அறிந்தவருக்கு ஐந்தும் ஒரே குடும்பம் என்பது புரியும். ஆனால் தேர்வில் கேட்கப்படுவது குடும்பத்துக்குள் இருக்கும் வேறுபாடு. 'கிரெடிபிள்' என்றால் நம்பத்தக்கது. 'கிரெடுலஸ்' என்றால் எதையும் எளிதில் நம்பிவிடுபவர். சாட்சி முதலாவதாக இருக்க வேண்டும், ஏமாறுபவர் இரண்டாவதாக இருப்பார். 'கொல்லுதல்' பொருளில் வரும் 'சைடு' என்ற ஈறு ஒரு சொல் வினாக்களின் சுரங்கம்: மன்னனைக் கொல்வது 'ரெஜிசைடு', உடன்பிறந்தவனைக் கொல்வது 'ஃபிராட்ரிசைடு', தாயைக் கொல்வது 'மாட்ரிசைடு', தந்தையைக் கொல்வது 'பாட்ரிசைடு'. ஓர் இனத்தையே அழிப்பதைக் குறிக்கும் 'ஜெனோசைடு' என்ற சொல்லும் இதே முறையில்தான் உருவானது. அதை ராஃபேல் லெம்கின் என்னும் போலந்து நாட்டுச் சட்ட அறிஞர் 1944-இல் வெளியான தம் நூலில் அறிமுகப்படுத்தினார்.

வேரை அளவுக்கு மீறி நம்பினாலும் ஆபத்து உண்டு. 'இன்' என்று தொடங்கினால் எதிர்ப்பொருள் என்று எண்ணி, 'இன்ஃபிளேமபிள்' என்பதற்குத் தீப்பற்றாதது என்று குறித்தவர்கள் பலர். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. 'இன்வேல்யுபிள்' என்றால் மதிப்பற்றது அன்று, விலைமதிக்க முடியாதது. 'இன்ஃபேமஸ்' என்றால் புகழ் இல்லாதவர் அல்லர், இழிவான காரியத்தால் பெயர் வாங்கியவர். இந்த மூன்றையும் தனி அட்டையில் எழுதிவையுங்கள்.

மரபுத்தொடர்களுக்குத் தமிழ் கைகொடுக்கும் இடங்கள் பல. தோற்றுப்போனவன் நம் ஊரில் மண்ணைக் கவ்வுகிறான், ஆங்கிலத்தில் 'பைட்ஸ் தி டஸ்ட்'. ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பெயர்போன இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இப்படி இணை கிடைக்கும் தொடர்கள் மறப்பதில்லை. கிடைக்காதவற்றுக்கு மட்டும் அட்டை போட்டால் போதும்.

எழுத்துக்கூட்டு வினாக்களுக்கு ஒலி உதவாது, கைதான் பழக வேண்டும். 'அக்காமடேஷன்' என்பதில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு. 'எம்பாரஸ்' என்பதில் 'ஆர்' இரண்டு, 'எஸ்' இரண்டு. 'ஹராஸ்' என்பதில் 'ஆர்' ஒன்றுதான். 'மில்லெனியம்' என்பதில் 'எல்' இரண்டு, 'என்' இரண்டு. 'பிரிவிலேஜ்' என்பதில் 'டி' கிடையாது. 'சூப்பர்சீடு' என்பதில் 'சி' வராது, 'எஸ்' வரும். ஒவ்வொன்றையும் சில முறை எழுதுங்கள். கைப்பேசியில் தட்டினால் அதுவே திருத்திக்கொடுத்துவிடும், நீங்கள் கற்றது ஒன்றும் இராது.

கேள்வி: ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் படிக்கச் சொல்கிறார்கள். ஒன்றைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, முடிக்கும்போது தலைவலிதான் மிஞ்சுகிறது. கட்டாயம் படிக்க வேண்டுமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. வங்கித் தேர்வுகளில் வாசிப்புப் பகுதிகள் பெரும்பாலும் பொருளாதாரம், நிர்வாகம் சார்ந்தவையாகவும், கருத்தைக் கேட்பவையாகவும் இருக்கும். குடிமைப்பணி முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாளிலும் ஆசிரியர் என்ன கருதுகிறார் என்பதே வினா. இந்தத் தேர்வுகளை எழுதுபவர்கள் தலையங்கத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் படிக்கத் தொடங்கும் இடம் தலையங்கம் அன்று. முதல் இரண்டு மாதங்கள் செய்திகளைப் படியுங்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்பதை வரிசையாகச் சொல்லும் செய்தியில் பொருளை ஊகிக்க வழி இருக்கிறது, அதுவும் அதே செய்தியைக் காலையில் தமிழ் நாளிதழில் படித்துவிட்டு உட்கார்ந்தால் இன்னும் எளிது.

தலையங்கத்துக்கு வந்தபிறகும், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் ஆவதற்கு அதுதான் காரணம். முதல் வாசிப்பில் 'ஹவெவர்', 'மோர்ஓவர்', 'நெவர்தலெஸ்', 'நாட்வித்ஸ்டேண்டிங்' போன்ற திருப்பச் சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். கட்டுரையின் வாதம் எங்கே வளைகிறது என்பதை அவையே காட்டிவிடும். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் வினாவுக்கும், இடைவெளிகள் விட்ட பத்தியை நிரப்பும் வினாவுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. படித்து முடித்ததும், ஆசிரியரின் நிலைப்பாட்டைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் மட்டும் இரண்டாம் முறை படியுங்கள்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதனிலைத் தேர்வில் பொது ஆங்கிலத்தை எடுக்கலாமா? நண்பர்கள் ஆங்கிலம் எடுத்தால் தமிழ் படிக்கவே வேண்டாம் என்கிறார்கள். (ஒரு வாசகர், தருமபுரி)

பதில்: நண்பர்கள் பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். குரூப் 2 முதனிலைத் தேர்வின் 200 வினாக்களில் 100 மொழிப் பகுதி. அதைப் பொதுத் தமிழாகவோ பொது ஆங்கிலமாகவோ எடுக்கலாம். ஆனால் முதன்மைத் தேர்வில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்கள் திருத்தப்படும். குரூப் 4 தேர்விலோ பொது ஆங்கிலம் என்ற விருப்பமே இப்போது இல்லை. ஆகவே தமிழிலிருந்து தப்பிப்பதற்காக ஆங்கிலத்தை எடுப்பது வீண். பள்ளி, கல்லூரியில் ஆங்கிலவழியில் படித்து, மொழிப்பகுதி பத்தாம் வகுப்புத் தரத்தில் இருப்பதால் எளிதாக மதிப்பெண் குவிக்க முடியும் என்று பழைய தாள்களைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்குப் பொதுத் தமிழே நல்லது என்பது என் கருத்து. பாடத்திட்டம் மாறக்கூடியது என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விடை தெரியாத ஆங்கில வினாவுக்கு ஊகித்து விடை குறிக்கலாமா? நெகட்டிவ் மார்க் பயத்தில் பல வினாக்களை விட்டுவிடுகிறேன். (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பயத்தை விட்டுக் கணக்கைப் பாருங்கள், அது தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. சி.ஜி.எல். முதல்நிலையில் சரியான விடைக்கு 2, தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு, விருப்பங்கள் நான்கு. ஒன்றுமே தெரியாமல் எட்டு வினாக்களுக்குக் குறித்தால் சராசரியாக இரண்டு சரியாகி 4 மதிப்பெண் வரும், ஆறு தவறாகி 3 போகும். ஒரு மதிப்பெண் மிச்சம். அதே தேர்வின் இரண்டாம் நிலையில் சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு: எட்டில் 6 வந்து 6 போய்விடும், மிச்சம் சுழி. வங்கித் தேர்வில் விருப்பங்கள் ஐந்து, கழிவு கால் பங்கு: பத்து வினாக்களில் 2 வந்து 2 போகும், அங்கும் சுழி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்குக் கழிவே இல்லாததால் ஒன்றையும் விடக்கூடாது.

இது கண்மூடித்தனமான ஊகத்தின் கணக்கு. உறுதியாகத் தவறு என்று ஒரே ஒரு விருப்பத்தை நீக்க முடிந்தாலும் எல்லாத் தேர்வுகளிலும் கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒன்றை நீக்குவது பெரும்பாலும் இயலக்கூடியதே: காலியிடத்துக்கு முன்னால் 'எ' இருந்தால் உயிரொலியில் தொடங்கும் சொல் விழுந்துவிடும், பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் வினைச்சொல் விழுந்துவிடும். வங்கித் தேர்வில் மட்டும் நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் வங்கி அதிகாரி முதனிலைத் தேர்வில் 30 ஆங்கில வினாக்களுக்கு 20 நிமிடமே. பகுதிக்குத் தனிக் கட்-ஆஃப் இருப்பதால், கணிதத்தில் சேர்த்த மதிப்பெண் ஆங்கிலத்தின் குறையை ஈடுசெய்யாது. நெடிய வாசிப்புப் பகுதியில் இறங்குமுன், தனித்தனியாக நிற்கும் பிழை வினாக்களையும் நிரப்பும் வினாக்களையும் முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: 'டேட்டா இஸ்', 'டேட்டா ஆர்' இரண்டும் நாளிதழ்களில் வருகின்றன. தேர்வில் எதைக் குறிப்பது? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: இலக்கண நூலின் பக்கம் நில்லுங்கள். 'டேட்டம்' ஒருமை, 'டேட்டா' பன்மை என்பது பழைய விதி; வழக்கில் இரண்டும் ஏற்கப்பட்டுவிட்டன. தேர்வு என்பது வழக்கைவிடச் சற்றுப் பழமையானது. இப்படிப்பட்ட வினா வந்தால் முதலில் வாக்கியத்தின் மற்றப் பகுதிகளில் ஐயத்துக்கிடமில்லாத பிழை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். விடைக்குறிப்பில் இரண்டு விடைகளுக்கும் இடமிருப்பதாகத் தோன்றினால், தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும் காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்கத் தேர்வாணையங்கள் வாய்ப்பளிக்கின்றன. நம்பகமான அகராதியோ இலக்கண நூலோ சான்றாக இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐ.பி.பி.எஸ். அதிகாரி முதன்மைத் தேர்வின் விரித்தெழுதும் பகுதியில் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. கருத்து இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: 30 நிமிடத்தில் 25 மதிப்பெண்ணுக்கு எழுதும் இந்தப் பகுதியில், அழகான ஆங்கிலத்தைவிடப் பிழையற்ற ஆங்கிலம் மதிப்பெண் பெறும். தமிழில் யோசிக்கும்போது, 'என்பதால்', 'என்றாலும்', 'என்று கருதப்படுவதனால்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு முற்றுவினையைப் போட்டு நிறுத்துகிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் வாக்கியம் சிக்கிக்கொள்கிறது. எழுதுமுன் அந்த நீண்ட கருத்தைத் தமிழிலேயே மூன்று முற்றுவாக்கியங்களாக உடைத்துக்கொள்ளுங்கள். உடைத்தபின் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் பதினைந்து சொற்களுக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன அட்டைகளில் படித்த கடினமான சொற்களை இங்கே வரிசையாக இறக்கிவைக்க வேண்டாம். துணைச் சொல்லோடு பொருந்தி வருமா என்பது தெரியாமல் போட்ட சொல் உடனே கண்ணை உறுத்தும். பலத்த மழை ஆங்கிலத்தில் 'ஹெவி ரெய்ன்' தான், 'ஸ்ட்ராங் ரெய்ன்' ஆகாது.

மத்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளுக்கும் இதே அறிவுரை பொருந்தும். 300 மதிப்பெண்ணில் 25 விழுக்காடு எடுத்தால் போதும் என்பதால் பலர் அதைப் பயிற்சியே இல்லாமல் எழுதப் போகிறார்கள். ஆனால் அதில் தவறினால் மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கில் வராது. பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் வினாவை மட்டுமாவது சில முறை எழுதிப்பாருங்கள்.

வங்கித் தேர்வில் விடையைக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். கைப்பேசியில் தட்டியே பழகியவர்கள், விசைப்பலகையில் பெரிய எழுத்தையும் காற்புள்ளியையும் தேடுவதிலேயே ஐந்து நிமிடத்தை இழக்கிறார்கள். இணைய மையத்திலோ நண்பர் வீட்டிலோ ஒரு கணினியில் உட்கார்ந்து, எழுத்துப் பிழையைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, 30 நிமிடம் வைத்து வாரம் இரண்டு முறை எழுதுங்கள். எழுதியதை அன்றே திருத்தாமல் மறுநாள் திருத்தினால், முதல் நாள் கண்ணுக்குத் தப்பிய 'எஸ்' எல்லாம் அப்போது தெரியும்.